தவிட்டுக்கு வந்த பெயர்

கருத்தக்கண்ணன் கையும் வாயும் இழுத்துக்கொண்டு விழுந்த ஒன்பதாம் நாள், அவன் தம்பி வீரணன் வந்து உட்கார்ந்து, அண்ணனுக்குக் கொள்ளி வைப்பது யார் என்று கேட்டான். எப்போது சாவான் என்று கேட்டால் ஊர் காறித் துப்பும். யார் கொள்ளி வைப்பது என்று கேட்டால் பொறுப்பான பங்காளி என்று மெச்சும். வீரணனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மூக்கம்மாள் புருஷனுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டுக் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதுல கேக்க என்ன இருக்கு? மகன் இருக்கான். மகன் வைப்பான்.”

“எந்த மகன் மதினி?”

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“வித்தவன மகன்னு சொல்லப்படாது” என்றான் வீரணன். குரலில் அப்படி ஒரு பணிவு. “தவிட்டுக்கு வித்தீக. வித்தீகளே தவிர, திருப்பி வாங்கல. இருவத்தோரு வருசமா அந்த மலையாளத்தா பிள்ளையத்தான் நீங்க சோறு போட்டு வளத்துருக்கீக. நான் சொல்லல, முறை சொல்லுது. பங்காளிக எல்லாம் கேக்குறாக. எம்மகன் தவசி வச்சா ஒரு பேச்சும் வராதுன்னு அவுகளே சொல்றாக.”

படுத்திருந்தவனுக்குக் காது நன்றாகக் கேட்டது. பேசத்தான் முடியவில்லை. வலது கண் மட்டும் தம்பி பக்கம் போய், மனைவி பக்கம் வந்து, கூரையில் நின்றது. அந்தக் கண்ணிலிருந்து வழிந்ததையும் மூக்கம்மாள் அதே துணியால் துடைத்தாள்.

மார்க்கையன்கோட்டையில் பாதிப் பேர் தவிட்டுக்கு விற்கப்பட்டவர்கள்தான். பிறந்த பிள்ளைகள் வரிசையாகச் செத்தால், அடுத்துப் பிறப்பதைத் தாய் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். வேறு ஒருத்தியிடம் மூன்று கை தவிடு வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றுவிடுவாள். வாங்கியவள் ஒரு பேர் வைத்து, “எம்பிள்ளைய நீ வளத்துக் குடு” என்று அவளிடமே திருப்பிக் கொடுப்பாள். பிள்ளை தேடி வரும் சாவு, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லையாமே என்று வாசலோடு போய்விடும். பிள்ளை தலையெடுத்த பிறகு வாங்கியவளுக்கு மூன்று கை தவிடும் ஒரு புதுச்சேலையும் வைத்து மீட்டுக்கொள்ளவேண்டும். பிச்சை, குப்பை, மொக்கை என்று ஊரில் நடமாடுகிற பேர்களெல்லாம் அப்படி வந்தவைதான். சாவை ஏமாற்ற எல்லோரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. வீரணன் ஒருவன்தான் அதை நிலத்துப் பத்திரம் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு பேசினான்.

காரணம் இல்லாமல் இல்லை. கொள்ளி வைத்தவனுக்கே செத்தவனுடைய நிலம் என்பது அந்தப் பங்காளிகளுடைய வழக்கம். கருத்தக்கண்ணனுக்கு வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. பெரியகுளத்தில் கோர்ட்டு இருக்கிறது, அங்கே சட்டம் வேறு என்று மூக்கம்மாளுக்கும் தெரியும். போராடினால் நிலத்தைக் கோர்ட்டு வாங்கித் தரும். தகப்பன் சிதைக்கு முன்னால் மகனைக் கொண்டுபோய் நிறுத்த எந்தக் கோர்ட்டாலும் ஆகாது. நிலம் போனால் போகட்டும். பெற்ற மகன் தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவில்லையென்றால் அவள் பெற்றதே பொய் என்று ஆகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

அவளுக்கு முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது பல் முளைக்கிறவரை இருந்தது. மூன்றாவது நடை பழகி, வாசற்படியில் ஏறி இறங்கி, எல்லோரையும் நம்ப வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கவே பிடிக்காமல் புருஷனும் பெண்டாட்டியும் கம்பமெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் பழம் பறிக்கப் போனார்கள். அங்கேதான், மார்கழிக் குளிரில், எட்டு மாதத்திலேயே நாலாவது பிறந்தது. அழவே இல்லை. கோழிக்குஞ்சைப் போல வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் கணக்கு எழுதியவர் கோதமங்கலத்துப் பக்கத்து ஆள். அவர் மனைவி அன்னம்மா அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். அன்றைக்கு விடிகாலையில் அவள் வாசலில் சிலுவை போலக் குழி வெட்டி, காய்ந்த ஓலையைப் போட்டுத் தீ வளர்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து நாள் விரதம் முடிகிற நாளாம். துரைமார் பண்டிகை முடிந்து பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அவர்கள் பண்டிகைக்கு எல்லோருக்கும் ஒரு நாள் விடுப்பு வந்தது. இவள் பண்டிகைக்கு இவள் வாசலில் மட்டும் தீ.

மூக்கம்மாள் தவிட்டுக்கு யாரிடம் போவாள்? ரேஷன் போல் அளந்து கொடுக்கிற அரிசியைத் தின்கிற அந்தக் காட்டில் எவள் வீட்டிலும் தவிடு இல்லை. அன்னம்மா மட்டும் பண்டிகை அப்பத்துக்கென்று நெல் வாங்கிக் குத்தியிருந்தாள். அவள் முறத்தில் தவிடு இருந்தது. விஷயம் அவ்வளவுதான். அவள் கறுப்பியாக இருந்திருந்தாலும் வெள்ளைக்காரியாக இருந்திருந்தாலும் மூக்கம்மாள் அந்த வாசலில்தான் மடியை ஏந்தியிருப்பாள்.

அன்னம்மாவுக்கு இந்த முறை புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அழுதாள். மூன்று கை தவிட்டை மூக்கம்மாள் மடியில் போட்டுப் பிள்ளையை வாங்கினாள். உள்ளே கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தாள். வெளியே வரும்போது பிள்ளையின் தலை நனைந்திருந்தது.

“எல்தோ” என்றாள். “பேரு எல்தோ. இன்னைக்கு எங்களுக்கு எல்தோ பெருந்நாள்.”

தீயின் சூட்டிலோ, வேறெதனாலோ, பிள்ளை அப்போதுதான் முதல் தடவை வீரிட்டு அழுதது. மூக்கம்மாளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவன் பேர் கழுதை என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பாள்.

ஊருக்கு இறங்கி வந்ததும் கேட்டார்கள். ஊர் வாய்க்கு அந்தப் பேர் பிடிபடவில்லை. எல்தான் என்றார்கள், எல்தன் என்றார்கள். இது எந்தச் சாமி பேர் என்று கேட்டவர்களிடம், “மேக்க மலையில இருக்குற சாமி, அங்கன வேண்டிக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டாள். சிலுவைக் குழியைக் கண்ணால் பார்த்தவள் அவள். அன்னம்மா கழுத்தில் கிடந்த, சிலுவை வைத்த மின்னுத் தாலியையும் பார்த்தவள். வேதக்காரப் பண்டிகை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொண்டாள். வேதத்துக்குப் போனார்கள் என்று விலக்கி வைத்த பங்காளி வீடுகளின் கதை அந்த ஊரில் நிறைய உண்டு.

மீட்க மறந்தாள் என்று வீரணன் ஊரெல்லாம் சொன்னான். மறப்பாளா? காதுகுத்துக்கு முன்னால் மீட்டுவிடுவோம் என்று கருத்தக்கண்ணன் நாள் பார்த்தான். அந்த வாரமே பிள்ளைக்கு அம்மை கண்டது. பத்து வயதில் போகலாம் என்று சேலை எடுத்து வைத்தார்கள். மூன்றாம் நாள் பையன் கமலைக் கிணற்றில் விழுந்து, மயிரிழையில் பிழைத்தான். இரண்டு தடவை பட்டது அவளுக்குப் போதும். அவனைத் தன் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தாலே எதுவோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறது என்று நம்பினாள். எடுத்து வைத்த சேலையைத் தானே கட்டிக் கிழித்தாள். அவன் வளர்ந்து மீசை வைத்து, ஏர் பிடித்து, தகப்பனைவிட அரைச் சாண் உயரமாக நின்றான். அப்போதும் அவளுக்குப் பயம் போகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள் இரண்டு தடவை அந்தப் பேரைக் கேட்டதும் திரும்பிப் போனார்கள். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

வீரணன் எழுந்து போன பிறகு மகன் வயலிலிருந்து வந்தான். அவளே சொன்னாள். அவன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தகப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இழுத்துக்கொண்ட கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டான்.

“அந்த அம்மா இருக்காகளா?” என்று கேட்டான்.

“குமுளியில டீக்கடை போட்டுருக்காகளாம். புருசன் செத்துப்போயிட்டாரு.”

“போயி மீட்டுட்டு வா. எங்கய்யாவுக்கு நாந்தான் வைப்பேன். தவசி கொள்ளிச்சட்டியத் தூக்கிக்கிட்டு முன்னால போக, நான் பின்னால வேடிக்க பாத்துக்கிட்டு நடக்க முடியாது.”

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மறுநாள் விடிந்ததும் மூக்கம்மாள் ஒரு முடிச்சில் தவிடும், பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய புதுச்சேலையும் எடுத்துக்கொண்டு சின்னமனூருக்கு நடந்து, பஸ் ஏறினாள். கூடலூர் தாண்டி மலை ஏறும்போது பஸ் மூச்சு வாங்கி நின்றது. ஆண்களெல்லாம் இறங்கித் தள்ளினார்கள். அவளும் இறங்கித் தள்ளினாள். ஒருத்தன் சிரித்தான். படுக்கையில் கிடக்கிறவன் இன்றைக்குத் தாங்குவானா, நாளைக்குத் தாங்குவானா என்று அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

அன்னம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்கம்மாளைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. “எல்தோ” என்று சொன்னதுதான் தாமதம், டீக் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

“என்ற குஞ்ஞு! உயிரோட இருக்கானா? ஞான் ஒவ்வொரு பெருந்நாளுக்கும் அவன் பேருல ஒரு மெழுகுதிரி வைக்கிறேன், அறியுமா?”

மூக்கம்மாள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அன்னம்மா தவிட்டை வாங்கிக்கொண்டாள். சேலையை வேண்டாம் என்றவள், முறை என்று கேட்டதும் அதையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். “எடுத்தோ. நின்ற பிள்ளைய நீயே எடுத்தோ. ஊருக்கு வந்து பறையணும்னா வந்து பறைவேன். இதிலென்ன?” என்று கடையை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, கால்மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள்.

இறங்குகிற பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்னம்மா வாய் ஓயாமல் பேசினாள். அந்தக் குளிர், அந்த லயம், அந்தத் தீ. மூக்கம்மாள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவள் மனசில் ஒன்று நச்சரித்துக்கொண்டிருந்தது. சேச்சி, பங்காளிகள் கூடுகிற சாவடியில் பேரைப் பற்றிப் பேச்சு வந்தால் மலைச்சாமி பேர் என்று சொல்லிவிடு. இவ்வளவுதான் சொல்லவேண்டும். கூடலூரில் சொல்லலாம் என்று நினைத்தாள். கம்பத்தில் பஸ்ஸுக்குக் கரி போட நிறுத்தினார்கள். அப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அன்னம்மா அவளுக்கு இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்து, தின்கிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்தோரு வருஷம் யாரோ பெற்ற பிள்ளைக்கு மெழுகுவர்த்தி வைத்தவளிடம், உன் சாமி பேரை வெளியே சொல்லாதே என்று எப்படிச் சொல்வது? சின்னமனூர் வந்தது. சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் மந்தைச் சாவடியில் பங்காளிகள் கூடினார்கள். வீரணன் வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். அவன் மகன் தவசி, மீசை அரும்பாத பயல், யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்தோ ஒரு தூணோரமாக நின்றான். அன்னம்மா வந்ததும் அவனைத்தான் தேடினாள். அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, எட்டிப் போய் அவன் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். அவன் கூச்சத்தோடு நின்றான், விலகவில்லை.

பெரிய பங்காளி பேச்சிமுத்துதான் நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். அவர் மூக்கம்மாள் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

“ஆத்தா, நீங்கதான் பிள்ளைய வாங்குனீகளா?”

“ஆமா.”

“திருப்பிக் குடுத்தாச்சா?”

“கொடுத்தாச்சு. தவிடும் வாங்கியாச்சு, சேலையும் வாங்கியாச்சு. இது அந்தச் சேலை.” தோளில் கிடந்ததை எடுத்துக் காட்டினாள். “இவன் மூக்கம்மா பெத்த பிள்ள. எனக்கு இவன்மேல ஒரு அவகாசமும் இல்ல, உரிமையும் இல்ல.”

சாவடியில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு என்ன இருக்கிறது என்று இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். வீரணன் முகத்தில் ஈயாடவில்லை. மூக்கம்மாள் தூணோரம் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்து, சிரித்தான் என்று சொல்ல முடியாது, ஆனால் இறுக்கிப் பிடித்திருந்த கையை விட்டான். அவள் ஆயுசில் இதைவிட நல்ல நேரம் ஒன்று இருந்ததா என்று கேட்டால், தீ எரிந்த அந்த விடிகாலையைத்தான் சொல்லியிருப்பாள்.

பேச்சிமுத்து எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினார். சுபமாக முடிந்த பேச்சில் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசி வழியனுப்பவேண்டும் என்கிற ஆசை அவருக்கு. வேறு ஒன்றும் இல்லை. எழுந்தபடியே கேட்டார்.

“எல்லாஞ் சரித்தா. அது என்ன பேரு வச்சீக பிள்ளைக்கு? எங்க வாயில நுழையவே மாட்டேங்குது. என்ன அர்த்தம் அதுக்கு?”

மூக்கம்மாள் அன்னம்மாவைப் பார்த்தாள். அன்னம்மா இவளைப் பார்க்கவில்லை. இருபத்தோரு வருஷமாக யாரும் கேட்காத கேள்வியை ஒருத்தர் கேட்டுவிட்டார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அது பழைய வாக்கு” என்றாள். “இப்பத்த ஆளுக கிறிஸ்மஸ், கிறிஸ்மஸ்னு பறைவாங்க. அது துரைமாரு கொண்டுவந்தது. எங்க பழையவங்க அப்படிப் பறையமாட்டாங்க. எங்களுக்கு எல்தோ. எங்க பள்ளியில சுறியானி பாஷையிலதான் பாடுவாங்க. மாதாவு தன் குஞ்ஞுகிட்ட பேசின பாஷை அது. கப்பல்ல வந்தது, துரைமாரு வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னால. எல்தோன்னா பிறப்பு. ஜனனம். அவ்வளவுதான் அர்த்தம். ஈசோ பிறந்தது எல்தோ. அந்தப் பெருந்நாள் அன்னைக்குப் பிறந்தா பிள்ளைக்கும் அதையே வைப்போம். எங்க நாட்டுல வீட்டுக்கு ஒரு எல்தோ உண்டு.”

பிறப்பு என்ற சொல் மூக்கம்மாள் காதில் விழுந்தது. அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. பிறந்தான் என்பதுதான் அவன் பேர். பிறந்தது பிழைக்கவேண்டும் என்று கேட்டதற்கு அன்னம்மா கொடுத்த பதில் அது. ஒரே ஒரு கணம் அவளுக்கு அந்தப் பேர் பிடித்துப்போனது.

வீரணன் எழுந்தான்.

“ஆத்தா, ஒரு சந்தேகம். பேரு வைக்கும்போது தண்ணி ஊத்துவீகளா?”

“பின்னே? பிள்ளைக்குச் சுவாசமே இல்ல. பாதிரி வர மூணு நாளாகும். ஆபத்துல யாரும் ஊத்தலாம். பிதாவு, புத்திரன், பரிசுத்த ரூகா பேரால ஞான்தான் ஊத்தினேன். தண்ணி ஊத்தாம பேரு வைக்கலாமா?”

துண்டைத் தோளில் போட்டவர்கள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

“கேட்டுக்கங்க” என்றான் வீரணன். குரலை உயர்த்தவே இல்லை. “அவுகமேல குத்தமில்ல. தங்கமான மனுஷி, உள்ளதச் சொல்லிட்டாக. பிள்ளையத் திருப்பிக் குடுத்தாக, சரி. ஊத்துன தண்ணிய எப்படித் திருப்பிக் குடுப்பாக? வேதக்காரன் கையால எங்கண்ணனுக்குக் கொள்ளியா? மதினிக்கு இது தெரியாமலா இருக்கும்? மலைச்சாமி பேருன்னு நம்ம எல்லாருக்கும் காது குத்தியிருக்காக.”

“தெரியுமாத்தா?” என்று பேச்சிமுத்து மூக்கம்மாளைக் கேட்டார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தோரு வருஷம் சொன்னவள்தானே. அன்னம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, சேலையைக் கையில் பிடித்தபடி, ஒன்றும் புரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியும்” என்றாள் மூக்கம்மாள்.

பேச்சிமுத்து மறுபடி உட்கார்ந்தார். அதற்கு மேல் அவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. செய்ய முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்த மாதிரிகூடத் தெரிந்தது. நல்லவர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. தவசி கொள்ளி வைப்பது என்று முடிவானது.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அன்னம்மா அவள் கையை விடவே இல்லை. “ஞான் தப்பா எதாவது பறைஞ்சு போச்சா மூக்கம்மா? அவர் கேட்டாரு, ஞான் உள்ளதுதானே பறைஞ்சேன்?”

“ஒண்ணும் தப்பில்ல சேச்சி” என்றாள் மூக்கம்மாள். அவளைத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கருத்தக்கண்ணன் செத்தான். தவசி தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினான். சட்டி இரண்டு தடவை சரிந்தது. பாவம், அவன் கேட்டு வாங்கியதில்லை. பெற்ற மகன் வெளியாட்கள் வரிசையில், நாவிதனுக்கும் கரி பஸ் டிரைவருக்கும் நடுவில் நின்று, முறை வந்தபோது தகப்பனுக்கு வாய்க்கரிசி போட்டான். மொட்டை போடக்கூட அவனை விடவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பதால் மூக்கம்மாள் இதைக் கண்ணால் பார்க்கவில்லை. வந்தவர்கள் ஒன்று விடாமல் சொன்னார்கள். ஊருக்கு இதிலெல்லாம் குறையே வைக்கத் தெரியாது.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மகன் உள்ளே ஒரு துண்டில் வேட்டி சட்டையை வைத்து முடிந்துகொண்டிருந்தான். பதினாறு நாளாக அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“எங்கடா ராசா?”

“மலைக்கு. ஏலக்காட்டுல ஆள் எடுக்குறாகளாம்.”

“அன்னம்மாகிட்டயா?”

“அவுக எனக்கு என்ன வேணும்? அவுகதான் என்னையத் திருப்பிக் குடுத்துட்டாகளே. நீ வாங்கிட்டு வந்து சாவடியில விட்டுட்ட.”

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். “கோர்ட்டுக்குப் போவம்டா. பெரியகுளத்துல வக்கீலப் பாப்போம். நெலத்த விடக்கூடாது.”

“நெலம் யாருக்கு வேணும்?” முடிச்சைக் கீழே வைத்தான். “ஒண்ணு கேக்குறேன். குமுளியிலருந்து அந்த அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்தியே, அவ்வளவு தூரம். பேருக்கு அர்த்தம் கேட்டா இப்படிச் சொல்லுங்கன்னு ஒரு வார்த்த அவுககிட்டச் சொல்லணும்னு ஒனக்குத் தோணலயா?”

தோன்றவில்லை என்று சொன்னால் அவன் நம்புவான். அவளை மடச்சி என்று நினைத்துக்கொண்டு மன்னித்தும் விடுவான். அது அவளுக்குத் தெரிந்தது.

“தோணுச்சு” என்றாள். “கூடலூர்லயே தோணுச்சு. அந்த மனுஷி மொகத்தப் பாத்து எனக்கு வாய் வரல.”

அவன் குனிந்து முடிச்சை ஒரு தடவை இறுக்கினான்.

“சாவடியில பேச்சிமுத்துப் பெரியப்பா கேட்டப்பவாச்சும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“என்னையப் பெத்ததையே இருவத்தோரு வருசம் மறச்ச” என்றான். “எனக்கு இது என்ன பேருன்னு தெரியாது, எனக்கு நீ யாருன்னு நீயே சொல்லமாட்ட, மலைச்சாமின்னு சொல்லுவ, பொண்ணு குடுக்க வந்தவுக திரும்பிப் போனா வாய மூடிக்கிட்டு இருப்ப. அவ்வளவு பொய்யும் சொன்ன. எங்கய்யா எல்லாத்தையும் காதுல வாங்கிக்கிட்டுக் கெடந்தாரு. அவருக்காக ஒரே ஒரு பொய் சொல்லணும். அன்னைக்குப் பாத்து ஒனக்கு நேர்மை வந்துருச்சு.”

“ராசா...”

“நான் வச்சிருப்பேன் ஆத்தா. எங்கய்யாவுக்கு நான் வச்சிருப்பேன்.”

அவன் முடிச்சை எடுத்துக்கொண்டு அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டு வெளியே போனான். அவள் கூப்பிடவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அன்னம்மாவின் முகத்தையும் பெற்ற மகனையும் தராசில் வைத்துப் பார்த்து, ஒரு பகல் பொழுதுக்கு அவள் அன்னம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். ஏன் என்று இப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. பந்தற்கால்களைத் தாண்டி, வாய்க்கால் கரையில் ஏறி, சின்னமனூர் ரோட்டுப் பக்கம் அவன் போய் மறைகிறவரை நின்று பார்த்தாள். அவன் ஒரு தடவையும் திரும்பவில்லை.

பந்தல் பிரித்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். தவசி மட்டும் போகவில்லை. கொள்ளி வைத்தவன் அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போகவேண்டும். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றவன், உள்ளே வரவும் பயந்து, போகவும் பயந்து, “பெரியம்மா” என்று மெல்லக் கூப்பிட்டான்.

“பெரியம்மான்னு சொல்லப்படாதாம்டா” என்று தெருவிலிருந்து வீரணன் குரல் கொடுத்தான். “கொள்ளி வச்சவன் மகன். ஆத்தான்னு கூப்பிடு.”

“ஆத்தா” என்றான் தவசி.

மூக்கம்மாள் ஒரு இலையை எடுத்து விரித்து, தண்ணீர் தெளித்து, அவனுக்குச் சோறு போட்டாள்.